இரண்டு நாள் கையில் இருந்தால் கென்ட்

“ஐரோப்பாவில் ஒரு வார இறுதி, நல்ல சாப்பாடு வேண்டும், ஊரும் பார்க்க வேண்டும், அலைச்சல் கூடாது. சைவம் கிடைக்கும் சிறிய ஊராகச் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள்.

யோசிக்காமல் பெல்ஜியத்தின் கென்ட் என்பேன். பெல்ஜியம் என்றதும் எல்லோரும் புரூஜுக்கு ஓடுகிறார்கள். அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் பொழுது சாய்ந்ததும் கூட்டம் ரயிலேறிவிடும், தெருக்கள் வெறிச்சோடிவிடும். கென்ட் பல்கலைக்கழக ஊர். மாணவர்கள் இருக்கும் இடத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஸ்டேஷன் ஊருக்கு ஒதுங்கியிருக்கிறது. டிராமில் நடுஊருக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் நடைதான்.

முதலில் கிராவென்ஸ்டீன் கோட்டை. 1180-இல் பிளாண்டர்ஸ் பிரபு கட்டியது. கடைத்தெருவுக்கு நடுவே கருங்கோட்டை எழுந்து நிற்பதே ஒரு வேடிக்கை. 1949-இல் பீர் விலை ஏறிய கோபத்தில் மாணவர்கள் இந்தக் கோட்டைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டு, போலீஸ் மீது அழுகிய பழங்களை வீசியிருக்கிறார்கள். எனக்கு மன்னர் கதைகளைவிட இதுதான் பிடித்தது.

புனித பாவோ பேராலயத்தில் வான் ஐக் சகோதரர்களின் பலிபீட ஓவியம் இருக்கிறது. 1432-இல் முடிந்தது. அதன் பலகைகளில் ஒன்று 1934-இல் திருடு போய், இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த ஒரு பலகையின் இடத்தில் இருப்பது நகல். நடுவில் நிற்கும் ஆட்டுக்குட்டியின் முகத்தை நெருங்கிப் பாருங்கள். மேலே பூசியிருந்த பிற்காலச் சாயத்தைச் சுரண்டியபோது மனிதப் பார்வை கொண்ட கண்கள் வெளிப்பட்டன. நம்மை நேராக முறைக்கிறது, கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். டிக்கெட்டை நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள். ஞாயிறு காலை திருப்பலி என்பதால் பிற்பகல்தான் வசதி.

இனி சாப்பாடு. நகராட்சியின் ஆதரவோடு 2009-இல் ‘வியாழன்தோறும் சைவம்’ என்ற பிரசாரம் தொடங்கிய ஊர் இது. நீங்கள் சனிக்கிழமை போனாலும் அதன் பலன் உணவகப் பட்டியல்களில் தெரியும். வெறும் சாலட்டைக் காட்டி அனுப்பிவிடமாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பெல்ஜியத்தின் பழைய வழக்கம். எண்ணெயா கொழுப்பா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அசைவக்காரர்களுக்கு வாட்டர்சோய். முன்பு மீனில் செய்தது, இப்போது பெரும்பாலும் கோழி. லீக்ஸ், கேரட், உருளைக்கிழங்கு போட்டு, கிரீமும் முட்டை மஞ்சளும் சேர்த்த குழம்பு. காரம் துளியும் கிடையாது. குளிர் நாளில் இதமாக இறங்கும், வெயில் நாளில் எனக்கு இரண்டு கரண்டிக்கு மேல் ஓடவில்லை.

நாக்கு காரத்துக்கு ஏங்கினால் பழைய காய்கறிச் சந்தைச் சதுக்கத்தில் இருக்கும் டீரென்டைன் கடைக்குப் போங்கள். மரப்பீப்பாயிலிருந்து கடுகு விழுதை அகப்பையால் மொண்டு ஜாடியில் ஊற்றித் தருவார்கள். ரொட்டியில் சற்றுத் தாராளமாகத் தடவினால் உச்சந்தலை வரை ஏறும். பக்கத்துத் தள்ளுவண்டிகளில் ஊதா நிறக் கூம்பு மிட்டாய் விற்கும். மேலே ஓடு, உள்ளே பழப்பாகு. சிலர் ஜெலட்டின் சேர்ப்பதால் சைவக்காரர்கள் விசாரிப்பது நல்லது.

மாலையில் கிராஸ்லை படித்துறையில் இளைஞர்களோடு உட்காருங்கள், காசு செலவில்லை. படகுச் சவாரியை விட்டாலும் பெரிய நஷ்டமில்லை. கடுகு ஜாடி வாங்கினால் மட்டும் பெரிய பெட்டியில் வையுங்கள். 100 மில்லிக்கு மேல் இருந்தால் பல விமான நிலையங்களில் சோதனையின்போது கைப்பையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.