ஜெர்மன் பி1: வீடியோ பாடமா, நேரடி வகுப்பா?

ஜெர்மன் மொழியின் இடைநிலையான பி1க்கு, ஆள் குறைவான நேரடி வகுப்பையே எடுங்கள். அதற்கு முந்தைய ஏ2 நிலை வரை வீடியோவில் படித்தேன், எல்லாம் புரிகிறது, பேச வாய் வரவில்லை என்கிறீர்கள். இன்னொரு வீடியோ பாடம் அதைச் சரிசெய்யாது.

'நான் பார்த்துக் கற்பவன்' என்று நீங்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கற்கும் பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, உளவியலாளர் பாஷ்லரும் மற்ற மூவரும் 2008இல் வெளியிட்ட மதிப்பாய்வு சொல்கிறது. உங்கள் சிக்கல் பெரும்பாலும் பழக்கக் குறைவுதான்: கேட்டுப் புரிந்துகொள்வது வேறு, தானாக வாக்கியம் அமைப்பது வேறு.

ஒன்று செய்து பாருங்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று இரண்டு நிமிடம் ஜெர்மனில் பேசி, போனில் பதிவு செய்யுங்கள். சொல்லே வரவில்லையா, இல்லை வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் இடத்தில் தடுமாறுகிறீர்களா? சொல் பஞ்சம் என்றால் முதலில் ஏ2 பாடங்களை வாய்விட்டுத் திருப்புங்கள். அப்புறம் பி1.

கட்டணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். ஆசிரியரே பேசிக்கொண்டிருந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோதே நிறுவனத்தின் பி1 தேர்வில் நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். பேச்சுப் பகுதியை மட்டும் பிறகு தனியாகவும் எழுதலாம்.

ஷிஃப்ட் வேலை என்றால் தீவிர வகுப்பு வேண்டாம், வார இறுதி வகுப்பே நல்லது.