ஹீட்டரில் சூடு வரவில்லை என்றேன், கம்ப்ரசரை மாற்றிவிட்டார்கள்

கேள்வி: வணக்கம் அம்மா. நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். சொந்த உபயோகத்துக்கு ஒரு ஜப்பான் ரெக்கோன் கார் (அங்கே ஓடி, இங்கே இறக்குமதியான பழைய கார்) வைத்திருக்கிறேன். டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போனபோது ஹீட்டரில் காற்று வந்தது, சூடு வரவில்லை. முன்கண்ணாடியில் ஆவி படிந்து சாலையே தெரியாததால், அன்றிரவு கூடுதலாக ஹோட்டலில் தங்க வேண்டியதாயிற்று. ஊர் திரும்பியதும் ஓர் ஏர்கோன் பட்டறையில் விட்டேன். “கேஸ் குறைவு, கம்ப்ரசர் வீக்” என்று கம்ப்ரசரை மாற்றி 1,730 ரிங்கிட் பில் போட்டார்கள். 1,000 கட்டிக் காரை எடுத்தேன். சூடு வரவே இல்லை. கேட்டால், “ஹீட்டர் கோர் போச்சு, டேஷ்போர்டைக் கழற்றணும், இன்னும் 2,400 ஆகும்” என்கிறார்கள். வேறொரு பட்டறையில் காட்டினேன். அந்த ஃபோர்மேன் (மெக்கானிக்) பத்தே நிமிடத்தில், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோசையும் யாரோ கழற்றி ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டினார். இப்போது முதல் பட்டறைக்காரர், மீதி 730-ஐக் கட்டாவிட்டால் காரை இழுத்துப் போவதாக வாட்ஸ்அப் அனுப்புகிறார். பில்லின் அடியில் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருக்கிறது. கட்டிய பணமும் ஹோட்டல் செலவும் கிடைக்குமா?

பதில்: உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த வாட்ஸ்அப்தான் என்று தெரிகிறது. அதை முதலில் முடித்துவிடுவோம். வேலை செய்து கொடுத்தவர் கூலி வரும்வரை பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்று மலேசியாவின் 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு சொல்கிறது. பட்டறைக்காரர்கள் இதைச் சட்டப் பிரிவாகத் தெரிந்து வைத்திருக்காவிட்டாலும் பழக்கத்தில் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த உரிமை கார் அவர் கையில் இருக்கும்வரைதான். 1,000 ரிங்கிட்டை வாங்கிக்கொண்டு சாவியை உங்களிடம் கொடுத்த நிமிடமே அது போய்விட்டது. இனி 730 வேண்டுமென்றால் அவர் வழக்குத்தான் போட வேண்டும். வீட்டு வாசலில் நிற்கும் காரை இழுத்தால் போலீஸில் புகார் கொடுங்கள். அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள். தகராறு தீரும்வரை காரை அந்தப் பட்டறைக்குள் மறுபடி விடவும் வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன: ஒன்று கம்ப்ரசர், இன்னொன்று ஹோஸ். முதலாவது பலமானது. இரண்டாவதை நீங்கள் பெரிதாக நினைக்கிறீர்கள், ஆனால் அதில்தான் சறுக்கும்.

கார் ஹீட்டர் தனியாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. எஞ்சினைச் சுற்றிவரும் சூடான கூலன்ட் தண்ணீரில் கொஞ்சம் டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சின்ன ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. அதுதான் ஹீட்டர் கோர். அதன் மேல் காற்று பட்டு உள்ளே வருகிறது. கம்ப்ரசரும் கேஸும் குளிர் உண்டாக்க. அவை எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஹீட்டர் சூடாகாது. நம் ஊரில் விற்கும் பல சிறிய கார்களில் ஹீட்டரே கிடையாது, அதனால் ஏர்கோன் கடைக்காரர்கள் பலருக்கு இந்த வேலை அடிக்கடி வருவதில்லை. அது உண்மைதான். ஆனால் தெரியாத வேலையைத் தெரிந்ததுபோல் எடுத்துச் செய்து பில் போட்டதற்கு அது சாக்கு ஆகாது.

1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்வார் என்ற உத்தரவாதத்தைத் தானாகவே தருகிறது. பில்லில் எழுதியிருக்க வேண்டியதில்லை. ‘நியாயமான திறமை’ என்பதை எதை வைத்து அளப்பது? இங்கேதான் அந்த இரண்டாவது ஃபோர்மேன் உங்களுக்குத் தங்கம். சூடு வரவில்லை என்றால், எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவு பார்ப்பது, ஓட்டும்போது வெப்பமானி முள் மேலே ஏறுகிறதா என்று பார்ப்பது, ஏறாவிட்டால் தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடி மாட்டிக்கொண்டதா என்று பார்ப்பது, பிறகு எஞ்சின் சூடானதும் கோருக்குப் போகும் இரண்டு ஹோசையும் பார்ப்பது என்பதுதான் முறை. ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் கோர் அடைத்திருக்கலாம், அல்லது வால்வு மூடியிருக்கலாம். இரண்டும் சூடாக இருந்தால் உள்ளே காற்றைத் திருப்பும் மடலைச் சந்தேகிக்கலாம். இவற்றில் எதற்கும் கம்ப்ரசரைத் தொட வேண்டியதில்லை. உங்கள் காரில் இரண்டு ஹோசும் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் கூலன்ட் கோருக்குள் போகவே வழியில்லை. அதற்கு ஹோசைத் தொட்டுப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, கண்ணால் பார்த்தாலே போதும். அந்த ஃபோர்மேன் செய்த சோதனையையும் கண்டதையும் தேதியோடு, பட்டறை முத்திரையோடு எழுதி வாங்குங்கள். ஹோஸ் இருக்கும் நிலையைப் படமும் வீடியோவும் எடுங்கள். எடுத்த பிறகே சரிசெய்ய விடுங்கள். ஆர்வக்கோளாறில் முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு என்னிடம் வருபவர்கள்தான் அதிகம்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் யோசித்து வைக்க வேண்டும். நான் அவர்களுடைய வழக்கறிஞராக இருந்தால் இப்படிச் சொல்லுவேன்: “இவர் கண்ணாடியில் ஆவி படிகிறது என்றுதான் வந்தார். ஏர்கோன் காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துவிடும். அது பலவீனமாக இருந்ததால்தான் கம்ப்ரசரை மாற்றினோம்.” இதில் பாதி உண்மை இருக்கிறது, ஏர்கோன் ஈரத்தைக் குறைப்பது நிஜம். ஆகவே, காரை விட்ட அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. “ஹீட்டர் சூடாகலை” என்று வாட்ஸ்அப்பிலோ வேலைச்சீட்டிலோ இருந்தால் உங்கள் கை ஓங்கும். வாய்வார்த்தை என்றால், கூட வந்தவர் யார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஏர்கோன் அதற்கு முன் நன்றாகக் குளிர்ந்ததா? பழைய கம்ப்ரசர் எங்கே? அதைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தந்தால் சோதிக்கலாம். தூக்கிப்போட்டுவிட்டேன் என்றால் அந்தப் பதிலும் உங்களுக்கு உதவும். தேவையில்லாத பொருளைத் தேவை என்று சொல்லி விற்பது அதே பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி தவறான கூற்று. பட்டறைகள் பயனீட்டாளருக்குத் தகவல் தர வேண்டும் என்பதற்காகவே 2002-இல் தனி விதிமுறைகளும் வந்தன. வேலை தொடங்குமுன் செலவு மதிப்பீடு எதுவும் உங்களுக்கு எழுத்தில் தரவில்லை என்றால் அதையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.

‘பணம் திருப்பித் தரப்படாது’ என்ற வரியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே செல்லும் என்கிறது அதன் 6-ஆம் பிரிவு.

சரி, ஹோஸ் விஷயம். அதை முதல் பட்டறைக்காரர்தான் இணைத்தார் என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேமரனில் சூடு வராதது நீங்கள் அவரிடம் போவதற்கு முன்பே. கோர் ஒழுகினால் டேஷ்போர்டைக் கழற்றும் செலவுக்குப் பயந்து இரண்டு ஹோசையும் இணைத்துவிடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய குறுக்குவழி. முந்தைய உரிமையாளரோ, காரை விற்றவரோ, வேறு பட்டறையோ செய்திருக்கலாம். கைக்குக் கிடைத்தவர் மேல் அந்தப் பழியையும் போட்டால், நல்ல வழக்கும் சேர்ந்து கெட்டுப்போகும். இணைத்ததை அவர் கவனிக்கவில்லை என்பதே உங்களுக்குப் போதும். இன்னொன்று, ஹோசைப் பழையபடி மாட்டுவதற்கு முன் கோரை அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒழுகும் கோரில் மாட்டினால் கூலன்ட் கால்மிதிக்குள் இறங்கும். என் பழைய காரில் அப்படி ஒழுகிய கூலன்டால் ஒரு மாதம் இனிப்பு வாசனை வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் மிட்டாயைக் கொட்டிவிட்டார்கள் என்று அவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது செய்ய வேண்டியது, பட்டறைக்கு ஒரு கடிதம். ஹீட்டர் குறைக்காகக் காரை விட்டதையும், சம்பந்தமில்லாமல் கம்ப்ரசர் மாற்றியதையும், 1,000 ரிங்கிட்டைத் திருப்பித் தந்து 730-ஐ ரத்து செய்ய வேண்டும் என்பதையும் எழுதி 14 நாள் அவகாசம் கொடுங்கள். புதிய கம்ப்ரசரை அவரே கழற்றி எடுத்துக்கொண்டு பழையதை மாட்டித் தரலாம் என்றும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் “என் கம்ப்ரசரில்தானே குளிர்காய்கிறார்” என்பார், வழக்கு என்று போனால் தீர்ப்பாயமும் தொகையைக் குறைக்கலாம்.

மசியவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம். 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். இணையத்திலேயே கோரிக்கைப் படிவமான முதல் பாரத்தைப் பதியலாம். குறை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும். பொதுவாக அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, எனவே எனக்கு இதில் வருமானம் இல்லை. எதிர்த்தரப்பு 730-ஐ எதிர்க்கோரிக்கையாகப் போடக்கூடும், பயப்பட வேண்டாம். பாரம் நிரப்பத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள், தமிழிலேயே பேசலாம். விசாரணை நாளன்று மட்டும் தவறாமல் போய்விடுங்கள், வராதவர் கோரிக்கை தள்ளுபடியாகிவிடும். தீர்ப்பு வந்து 14 நாளில் அவர் பணம் தராவிட்டால் அது குற்றம்.

ஹோட்டல் செலவைக் கேட்காதீர்கள். அன்றிரவு நீங்கள் மலையில் தங்கியபோது இந்தப் பட்டறைக்காரர் உங்கள் காரைப் பார்த்ததே இல்லை.