கடைவாய்ப்பல் போன இடம்: பிரிட்ஜா, இம்ப்ளான்டா, அப்படியே விடலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது, ஈரோடு. கீழ்த்தாடை வலப்பக்க முதல் கடைவாய்ப்பல்லைச் சொத்தைக்காக 2 வருடத்துக்கு முன் பிடுங்கினார்கள். ஒரு டாக்டர் பிரிட்ஜ் போடலாம் என்கிறார், இன்னொருவர் எலும்பில் திருகும் இம்ப்ளான்ட்தான் சரி என்கிறார். சிரித்தால்கூடத் தெரியாத பல்தானே, விட்டுவிடு என்கிறார் வீட்டுக்காரர். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. போன பல் ஒவ்வொன்றுக்கும் மாற்றுப்பல் வைத்தே ஆக வேண்டும் என்று விதி கிடையாது. ஞானப்பல் போனால் யாரும் கட்டச் சொல்வதில்லை. கடைசி கடைவாய்ப்பல் இல்லாமலும் பலர் நன்றாகவே மென்று சாப்பிடுகிறார்கள். நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் 1980-களில் நடந்த ஆய்வுகள், கடைவாய்ப்பற்கள் குறைந்தாலும் முன்பற்களும் சிறுகடைவாய்ப்பற்களும் உறுதியாக இருந்தால் பலருக்குச் சமாளிக்க முடியும் என்று காட்டின.

ஆனால் உங்களுக்குப் போயிருப்பது முதல் கடைவாய்ப்பல். மெல்லும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. இடம் காலியானால் பின்னால் இருக்கும் பல் முன்பக்கம் சாயும், மேல்தாடைப் பல் கடிக்க எதிர்ப்பல் இல்லாமல் மெல்லக் கீழே இறங்கும். எல்லோருக்கும் ஒரே வேகத்தில் இது நடக்காது, சிலருக்கு நடக்காமலேயே இருக்கும். ஆகவே முதலில் பார்க்கவேண்டியது அந்த மேல்பல்லை. அது இறங்கியிருந்தால் கீழே கேப் வைக்க உயரம் போதாது. அதைத் தேய்க்கவோ, சில சமயம் ரூட் கேனல் செய்து கேப் போடவோ வேண்டிவரும். இறங்கவில்லை, சாயவில்லை, மெல்லவும் சிரமமில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொண்டே இருங்கள்.

இனி பிரிட்ஜா, இம்ப்ளான்டா என்பது. இதை முடிவு செய்வது பக்கத்துப் பற்கள்தான். பிரிட்ஜ் என்றால் முன்னும் பின்னும் உள்ள இரண்டு பற்களைச் சுற்றிலும் தேய்த்து, மூன்று கேப்களை ஒன்றாக இணைத்து ஒட்டுவார்கள். தேய்ப்பதில் ஈறுக்கு மேல் தெரியும் பகுதி பல நேரம் பாதிக்கு மேல் போய்விடும், அது திரும்ப வளராது. பிறகு இரண்டில் ஒன்றுக்கு அடியில் சொத்தை புகுந்தாலும் மொத்தத்தையும் கழற்ற வேண்டும். அந்த இரண்டு பற்களும் சொத்தையில்லாமல் முழுசாக இருந்தால் அவற்றைத் தொட எனக்கு மனம் வராது. அப்போது இம்ப்ளான்ட் என்பேன். மாறாக, ஏற்கெனவே ரூட் கேனல் ஆகியோ பெரிதாக அடைத்தோ எப்படியும் கேப் போடவேண்டிய நிலையில் இருந்தால் பிரிட்ஜே நல்ல வழி. இரண்டு மூன்று வாரத்தில் வேலை முடிந்துவிடும்.

கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் செலவு குறைவு. ஆனால் தூக்கத்தில் விழுங்கிவிடும் ஆபத்து உண்டு, பிளாஸ்டிக் என்பதால் சாதாரண எக்ஸ்ரேயில் அநேகமாகத் தெரியாது. தற்காலிகத்துக்கு என்றால் சரி, இரவில் கட்டாயம் கழற்ற வேண்டும்.

இம்ப்ளான்ட் என்பது எலும்புக்குள் திருகும் டைட்டானியம் வேர். டைட்டானியம் எலும்போடு பிணைந்துகொள்வதை ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரானெமார்க் 1952-இல் முயல்களை வைத்துச் செய்த ஆய்வில் தற்செயலாகக் கவனித்தார், 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்தார். கீழ்த்தாடையில் பிணைப்பு உறுதிப்பட வழக்கமாக மூன்று மாதம் விடுவார்கள். ‘ஒரே நாளில் பல்’ விளம்பரங்கள் முழுப் பொய்யல்ல. ஆனாலும் கடைவாயில் விழும் அழுத்தத்துக்குக் காத்திருப்பதே நல்லது.

உங்களுக்கு 2 வருடம் கடந்துவிட்டதால் எலும்பு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். பல் பிடுங்கிய முதல் வருடத்திலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் எடுத்தால் அகலமும் தெரியும், கீழே ஓடும் நரம்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். அந்த நரம்பிலிருந்து 2 மி.மீ. இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் உதடு மரத்துப்போகலாம்.

சர்க்கரை இருந்தால் இம்ப்ளான்ட் கூடாது என்பது பழைய பேச்சு. கட்டுக்குள் இருக்கிறதா என்பதே கேள்வி. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7-ஐ ஒட்டி இருந்தால் தயங்க வேண்டாம். 8-ஐத் தாண்டினால் முதலில் அதைக் குறைத்துவிட்டு வாருங்கள். ஈறில் ரத்தம் கசிந்தால் ஈறு சிகிச்சைதான் முதல் வேலை. புகையிலை போட்டு வெற்றிலை மெல்லும் பழக்கம் இருந்தால் நிறுத்தியாக வேண்டும்.

இன்னொன்று, பலர் சொல்லாமல் விடுவது. எலும்பு அடர்த்தி குறைவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, வருடம் ஒரு ஜோலெட்ரோனிக் ஊசியோ எடுத்துக்கொண்டால் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். பல்லுக்கும் அதற்கும் என்ன என்று நினைக்க வேண்டாம், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிட்டால் அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

செலவு கேட்கும்போது, சொல்லும் தொகை எலும்புக்குள் போகும் திருகுக்கு மட்டுமா, அதையும் கேப்பையும் இணைக்கும் துண்டும் மேல் கேப்பும் சேர்த்தா என்று கேளுங்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் செய்வார்கள். செலவு குறையும், போகவேண்டிய நடை கூடும். எங்கே செய்தாலும் திருகின் கம்பெனி, அளவு, பேட்ச் எண் எழுதிய அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் மேல் கேப்பைப் பிடித்திருக்கும் சின்னத் திருகு தளர்ந்தால், எந்தச் சாவி போட்டுக் கழற்றுவது என்று அந்த டாக்டருக்கு அதைப் பார்த்துத்தான் தெரியும்.