பழைய இன்ஜினில் கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது. லிஃப்டரையும் சேர்த்து மாற்ற வேண்டுமா? எதைத் தேர்ந்தெடுப்பது?

வால்வுகளைத் திறக்கிற தண்டான கேம்ஷாஃப்ட்டில் ஒரு லோப் (அதன் முட்டை வடிவப் புடைப்பு) தேய்ந்துவிட்டது, லிஃப்டர்கள் (லோபின் மேல் உட்கார்ந்து அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் சிறு உருளைகள்) பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன, கேம்ஷாஃப்ட்டை மட்டும் மாற்றினால் போதுமா, மாற்றுவதோடு கொஞ்சம் பவரும் கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புஷ்ராடு (லிஃப்டரின் அசைவை மேலே தள்ளும் கம்பி) வைத்த, தட்டை லிஃப்டர் போட்ட பழைய வி8 என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

போதாது. புதுக் கேம்ஷாஃப்ட்டில் பழைய லிஃப்டர் போடவே கூடாது. தட்டை லிஃப்டர் என்று பெயர்தானே தவிர, அதன் அடி மிக லேசாகக் குவிந்திருக்கும். லோபும் ஒரு பக்கம் துளி சரிவாகக் கடையப்பட்டிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் ஓடும்போது லிஃப்டரைச் சுழல வைக்கின்றன. சுழன்றால் தேய்மானம் அடி முழுவதும் பரவும். சுழற்சி நின்றால் ஒரே இடத்தில் உரசி, புது லோபையும் சீக்கிரமே தின்றுவிடும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு லிஃப்டரைத் துடைத்து, ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை அதன் அடியில் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஸ்கேல் நடுவில் தொட்டு, இரண்டு ஓரங்களிலும் கீற்றாக வெளிச்சம் வந்தால் குவிவு இன்னும் இருக்கிறது. நடுவில் வெளிச்சம் வந்தால் குழிந்துவிட்டது. ஒரு நண்பரின் இன்ஜினில் இப்படிப் பார்த்தோம்: பக்கவாட்டில் புதுசு போலப் பளபளவென்று இருந்த லிஃப்டருக்கு அடியில் நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம்.

வாங்கும் முன் இன்னொன்று. தேய்ந்த அந்த இரும்பு எங்கே போயிருக்கும்? ஆயிலில்தான். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் சல்லடை பெரிய துகளைத்தான் தடுக்கும், மிச்சம் பம்ப் வழியாகப் போகும். பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மினுமினுப்பு நிறைய இருந்தால் பேரிங்குகளையும் திறந்து பார்க்காமல் புதுக் கேம்ஷாஃப்ட்டை உள்ளே விடாதீர்கள்.

இப்போது தேர்வு. விளம்பரத்தில் போடுகிற டியூரேஷன் எண்ணை (வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதைக் கிராங்க் சுழற்சியின் டிகிரியில் சொல்வது) நம்பி ஒப்பிடாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் வெவ்வேறு உயரத்தில் அளக்கிறது. லிஃப்டர் 0.050 அங்குலம் எழும்பிய நிலையிலிருந்து அளந்தால் எத்தனை டிகிரி என்பதை மட்டும் பாருங்கள். 5.7 லிட்டர் அளவுள்ள, தினமும் ஓட்டுகிற வண்டிக்கு 205 முதல் 215 டிகிரிக்குள் இருப்பதே என் தேர்வு. 230ஐத் தாண்டினால் ஐடிலில் வண்டி குலுங்கும், இன்ஜினின் வேக்குவம் இறங்கும், அதை நம்பியிருக்கும் பிரேக் பூஸ்டர் திணறும். இன்லெட் வால்வு தாமதமாக மூடுவதால் கீழ் ஆர்பிஎம்மில் அழுத்தமும் குறையும். கம்ப்ரெஷன் ஏற்கெனவே குறைவாக உள்ள இன்ஜின் என்றால் வண்டி முன்பைவிட மந்தமாகிவிடும். பெரிய கேம் போட்டு, சிக்னலில் கிளம்பும்போது பின்தங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்தத் தடதட சத்தம்தான் வேண்டும் என்றால் அது வேறு கணக்கு!

லோப் செபரேஷன் (இன்லெட், எக்ஸாஸ்ட் லோப்களின் உச்சிகளுக்கு நடுவிலுள்ள கோணம்) 112 டிகிரி பக்கம் இருந்தால் ஐடில் அமைதியாக இருக்கும். 106, 108 என்று இறங்க இறங்க ஓவர்லேப் (இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம்) கூடி, முரட்டுத்தனம் வரும்.

லிஃப்ட், அதாவது வால்வு எவ்வளவு திறக்கிறது என்கிற கணக்கு எளிது. லோபின் உயரத்தை ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) விகிதத்தால் பெருக்குங்கள். 0.300 அங்குல லோப், 1.5 ராக்கர் என்றால் வால்வு 0.450 அங்குலம் திறக்கும். உங்கள் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் அவ்வளவு சுருங்குமா, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மிச்சமிருக்குமா என்பதை அளந்தே முடிவெடுங்கள். ஸ்பிரிங்குகளைக் கேம் தயாரிப்பாளர் சொல்கிற ஜோடியாகவே வாங்குவது நல்லது. லிஃப்டர் விட்டமும் பொதுவானதல்ல: செவ்ரோலெட் வி8களில் 0.842 அங்குலம், ஃபோர்டில் 0.874, கிறைஸ்லரில் 0.904.

லிஃப்டர் ஹைட்ராலிக்கா (ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்வது), சாலிடா (அந்த வசதி இல்லாதது)? தினசரி வண்டிக்கு ஹைட்ராலிக். சாலிடில் அவ்வப்போது டேப்பட் இடைவெளியை அட்ஜஸ்ட் செய்துகொண்டே இருக்க வேண்டும். அடியில் உருளும் சக்கரம் வைத்த ரோலர் லிஃப்டருக்கு மாறினால் இந்தத் தேய்மானத் தலைவலியே பெரும்பாலும் இல்லை, ஆனால் செலவு பல மடங்கு. அப்போது போடுவது ஸ்டீல் கேம் என்றால், அதனால் சுழலும் டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் அதற்கு ஒத்துப்போகிற உலோகத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் ஆயில். பழைய தட்டை லிஃப்டர்களைக் காப்பாற்றுவது துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்க்கை. பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் 2004இல் வந்த எஸ்எம் என்கிற ஆயில் தரத்தில், 5டபிள்யூ-30 மாதிரியான கிரேடுகளுக்குப் பாஸ்பரஸ் 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு) என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். அதனால் புதுக் கார் ஆயிலை அப்படியே ஊற்றாமல், துத்தநாகம் கூடுதலாக உள்ள பிரேக்-இன் ஆயிலாக (புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று படியும் முதல் ஓட்டத்துக்கானது) வாங்குங்கள்.

மாட்டும்போது லோபிலும் லிஃப்டர் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். லிஃப்டரின் பக்கங்களில் வெறும் ஆயில் போதும். ஒவ்வொரு லிஃப்டரும் அதன் துளையில் கையாலேயே சுழல வேண்டும். டைமிங், கார்புரேட்டர் எல்லாம் சரிபார்த்து, தொட்டதும் ஸ்டார்ட் ஆகிற நிலையில் வையுங்கள், ஏனென்றால் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேஸ்ட் வழிந்துவிடும். ஸ்டார்ட் ஆன உடனே 2,000 ஆர்பிஎம்முக்கு மேலே ஏற்றி, 2,500 வரை மேலும் கீழுமாக மாற்றி, 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். ஐடிலில் விடவே கூடாது, லோபுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழற்றி அடிக்கும் தெறிப்பில்தான் வருகிறது. கூலன்ட் ஒழுகினால் ஆஃப் செய்து, சரிபண்ணி, மறுபடி தொடருங்கள். முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள்.