டைப்-சி என்றால் எல்லாம் ஒன்றா? கேபிள் பற்றிய கேள்வி பதில்

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூர், கல்யாண வீடியோ எடிட்டர்: அண்ணா, புதிதாக வெளியில் செருகும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கினேன். பெட்டியில் விநாடிக்கு 1050 எம்பி என்று போட்டிருக்கிறது. எனக்கு 38-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. டிஸ்க் போலியா? கேபிள் டைப்-சிதான்.

பதில்: டிஸ்க் மேல் பழி போடாதீர்கள் தம்பி. 38 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. அது யுஎஸ்பி 2.0 வேகம். 2000-ல் வந்த அந்தத் தரத்தின் உச்சவரம்பு விநாடிக்கு 480 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், எம்பி என்பது மெகாபைட். அதனால் 8-ஆல் வகுத்தால் 60 எம்பி. மற்றதெல்லாம் போகக் கைக்கு வருவது 35-லிருந்து 40 எம்பி வரைதான். அநேகமாகப் போன் சார்ஜரோடு வந்த கேபிளைச் செருகியிருப்பீர்கள்.

டைப்-சி என்பது முனையின் வடிவத்துக்கு மட்டுமே பெயர். 2014-ல் வந்த அந்த முனையில் 24 தொடுமுனைகளுக்கு இடம் இருக்கிறது. அத்தனைக்கும் உள்ளே கம்பி ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை. சார்ஜர் கேபிள் பெரும்பாலும் மின்சாரத்துக்கான கம்பிகளோடும் யுஎஸ்பி 2.0-க்கான ஒரு ஜோடியோடும் நின்றுவிடும். 2023-ல் வந்த ஐபோன் 15-ஐயும் 15 ப்ரோவையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே ஓட்டைதான். முதலாவதில் 480 மெகாபிட், ப்ரோவில் 10 ஜிகாபிட். அந்த ப்ரோவின் பெட்டியில் வரும் கேபிளும் யுஎஸ்பி 2.0 கேபிள்தான்!

உங்கள் எஸ்எஸ்டிக்கு 10 ஜிகாபிட் வேண்டும் (ஒரு ஜிகாபிட் என்பது 1000 மெகாபிட்). பெட்டியில் கூடவே ஒரு குட்டை கேபிள் வந்திருக்கும், அதை எடுங்கள். லேப்டாப் போர்ட்டும் 10 ஜிகாபிட்டாக இருக்க வேண்டும். 5 ஜிகாபிட் போர்ட் என்றால் விநாடிக்கு 400 எம்பிக்குச் சற்று மேலே கிடைக்கும், அதுவே பெரிய விடுதலை. ஒரு முகூர்த்தத்துக்கு 200 ஜிபி ஃபுட்டேஜ் என்று வையுங்கள். இப்போதைய கேபிளில் ஒன்றரை மணி நேரம் ஆகும். 5 ஜிகாபிட்டில் எட்டு ஒன்பது நிமிடம். ஆனால் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போட்டால் எவ்வளவு வேகமான கேபிளாக இருந்தாலும் அரை மணி நேரம் பிடிக்கும், ஏனென்றால் டிஸ்க்கே 120 எம்பி வாக்கில்தான் எழுதும். டிஸ்க், கேபிள், போர்ட் மூன்றில் எது மெதுவோ அதுதான் உங்கள் வேகம்.

லாஸ்பேட்டை, கல்லூரி மாணவி: கடையில் 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று மூன்று கேபிள் காட்டினார்கள். எது வேகம் சார்?

பதில்: மூன்றும் ஒன்றேதான் அம்மா. 2008-ல் 3.0 என்று வந்த 5 ஜிகாபிட் தரத்துக்கே இரண்டு முறை பெயர் மாற்றினார்கள். இந்தப் பெயர் குழப்பத்தில் எத்தனை பேர் காசை விட்டிருக்கிறார்களோ, நினைத்தால் கோபம்தான் வருகிறது. பெயரை விடுங்கள், எண்ணைக் கேளுங்கள்: 5, 10, 20, 40 ஜிகாபிட்டில் எது? கடைக்காரர் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கேபிளை 480 மெகாபிட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லித்தோப்பு: நீல நிற போர்ட்டில்தான் பென் டிரைவ் செருகுகிறேன். ஒரு நாள் வேகம், ஒரு நாள் மந்தம். ஏன்?

பதில்: மெதுவாகச் செருகிப் பார்த்திருக்கிறீர்களா? டிரைவின் முனைக்குள் வெளிச்சத்தில் பாருங்கள். முன்வரிசையில் 4 தகடுகள், அவை பழைய யுஎஸ்பி 2.0-க்கு. இன்னும் உள்ளே தள்ளி 5 சின்ன முனைகள், அவைதான் 3.0-க்கு. தயங்கித் தயங்கிச் செருகினால் பழைய நான்கும் முதலில் தொட்டு, கணினி அதை 2.0 என்றே பதிவுசெய்துவிடும். கழற்றிவிட்டு ஒரே அழுத்தில் உள்ளே தள்ளுங்கள்.

தேவனாம்பட்டினம்: ரௌட்டரிலிருந்து மாடிக்கு லேன் கேபிள் இழுத்திருக்கிறேன். முதலில் 1000 காட்டியது, இப்போது 100-தான். ரௌட்டர் மாற்றணுமா?

பதில்: வேண்டாம். சரியாக 100-க்கு இறங்கியிருக்கிறது என்றால் முதலில் கம்பியைத்தான் சந்தேகிக்க வேண்டும். லேன் கேபிளில் 8 கம்பிகள். 1 ஜிகாபிட்டுக்கு, அதாவது நீங்கள் சொன்ன அந்த 1000-க்கு, எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கே போதும். மீதி நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு அறுந்துவிடாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். உங்கள் வீடு கடற்கரை ஓரம். உப்புக்காற்று பட்டால் முனையில் பச்சை படியும். இரண்டு முனையையும் வெட்டிவிட்டுப் புதிய முனையை அழுத்திப் பொருத்துங்கள் (கிரிம்ப்), பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெட்டும்போதே ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு என்று தலையில் கட்டியிருப்பார்கள். அந்தக் கேபிளையே தூக்கிப்போட்டு, முழுச் செம்பில் கேட் 5இ அல்லது கேட் 6 என்ற தரத்து லேன் கேபிள் வாங்குங்கள். 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட்டுக்கு கேட் 5இ தாராளம். மொட்டை மாடியில் வெளியே ஓடுகிறதென்றால் ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் கழற்றி வையுங்கள். இடி பக்கத்தில் விழுந்தாலே போர்ட் போய்விடும்.

வில்லியனூர், பள்ளி ஆசிரியை: லேப்டாப்பின் டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐ அடாப்டர் போட்டு டிவியில் பாடம் காட்ட முயன்றேன். படமே வரவில்லை.

பதில்: டீச்சர், எல்லா டைப்-சி போர்ட்டும் படம் அனுப்பாது. பக்கத்தில் மின்னல் குறியோ, டி எழுத்து மாதிரி டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருக்கிறதா பாருங்கள். குறி இல்லாமலும் சிலவற்றில் வரும், மாடல் எண்ணை வைத்து உறுதிசெய்யலாம். லேப்டாப்பிலேயே எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் நேராக அதில் போட்டுவிடுங்கள், அடாப்டர் செலவு மிச்சம்.

மஞ்சக்குப்பம்: பையனின் போன் கேபிளில் 65 வாட் லேப்டாப்பைச் சார்ஜ் செய்தால் ஆபத்தா?

பதில்: தரமான கேபிள் என்றால் ஆபத்தில்லை அக்கா. இரு முனையும் டைப்-சியாக உள்ள சாதாரண கேபிள் 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் போக கேபிளுக்குள் ஒரு அடையாளச் சிப் வேண்டும், அது இல்லையென்றால் சார்ஜரே அளவைக் குறைத்துக்கொள்ளும். கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டை, ஜெராக்ஸ் கடை: சதுர முனை பிரிண்டர் கேபிள் 10 மீட்டருக்கு வேண்டும். கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் சாதாரண கேபிளாக வாங்காதீர்கள். யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டினால் பாதிப் பிரிண்டில் நிற்கும். நடுவில் சிக்னலைப் புதுப்பிக்கும் ஆக்டிவ் கேபிள் கேளுங்கள். பிரிண்டரில் லேன் போர்ட் இருந்தால் இன்னும் நல்லது, ரௌட்டரோடு இணைத்துவிடுங்கள்.