அம்புலன்ஸ் கேள்விமனு: நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகு

வணக்கம் சகோதரர். ஹட்டனிலிருந்து குறைந்த விலை கொடுத்தும் மாகாண அம்புலன்ஸ் சேவை வேறொருவருக்குப் போய்விட்டது, கடிதத்தில் காரணமே இல்லை என்கிறீர்கள். மனம் நோகத்தான் செய்யும். ஆனால் விலை குறைவு என்பது மட்டும் வழக்காகாது. நிபந்தனைகளை நிறைவுசெய்த மனுக்களுக்குள்தான் குறைந்த விலை பார்க்கப்படும். மனுவுக்கு உத்தரவாதமாக இணைக்கும் பிணைமுறியின் செல்லுபடிக் காலம் ஒரு நாள் குறைந்தாலும், வாகனப் பதிவுச் சான்றின் பிரதி விடுபட்டாலும் உங்கள் மனு அங்கேயே விழுந்திருக்கலாம். முதலில் உங்கள் பிரதியைக் கேள்விமனு நிபந்தனைகளோடு வரிவரியாக ஒப்பிடுங்கள்.

இன்றே பெறுகைக் குழுவின் தலைவருக்குப் பதிவுத் தபாலில் காரணம் கேட்டு எழுதுங்கள். மேன்முறையீட்டுக்கான அவகாசம் மிகக் குறுகியது. கடிதத்திலும் கேள்விமனு ஆவணத்திலும் பாருங்கள். கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மனுக்கள் திறந்தபோது வாசித்த விலைப் பதிவையும் உங்கள் மனு பற்றிய மதிப்பீட்டுப் பகுதியையும் கேளுங்கள். போட்டியாளரின் செலவு விபரத்தை வணிக இரகசியம் என்று மறுக்கக்கூடும்.

பலர் தவறுவது இங்கேதான்: தகவல் கோரிக்கைக்கு முடிவு சொல்லவே 14 வேலை நாட்கள் இருக்கின்றன, சமத்துவ உரிமை மீறலென்று உயர் நீதிமன்றம் போக ஒரே மாதம்தான். பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். அதிகாரிகளின் முடிவை இரத்துச் செய்யக் கேட்கும் ரிட் மனுவுக்கு மாகாண மேல் நீதிமன்றமா, மேன்முறையீட்டு நீதிமன்றமா என்பதைச் சட்டத்தரணியிடம் இந்த வாரமே கேளுங்கள். ஒப்பந்தம் கைச்சாத்தாகி வண்டிகள் ஓடத் தொடங்கினால் இடைக்காலத் தடை கிடைப்பது கடினம், நோயாளிகளின் சேவையை நிறுத்த நீதிமன்றம் தயங்கும்.