கரண்ட் போனால் கைரேகைப் பூட்டு என்ன ஆகும்?
கல்லடியில் கீழே கடை, மேலே வீடு; இரண்டுக்கும் கைரேகைப் பூட்டு சரிவருமா, கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள்.

அது பூட்டின் வகையைப் பொறுத்தது. காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும் வரைதான் கதவைப் பிடிக்கும். தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேற நல்லது, ஆனால் இரவில் பூட்டிய கடைக்கு? பேக்கப் பற்றரி கட்டாயம். வீட்டுக்கு, பற்றரியில் ஓடுகிற, சாவியாலும் திறக்கிற பூட்டே என் தெரிவு.

அப்புறம், சீமெந்து குழைக்கிற கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். ஈர விரலையும் கருவி சிலவேளை ஏற்காது. ஆளுக்கு இரண்டு விரலாவது பதியுங்கள்.

முக்கியமாக, பூட்டைத் திறக்கும் ரிலே (பூட்டுக்கான மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சிறு சுவிட்ச்) கதவின் உட்புறத்தில் இருக்கட்டும். விரல் வைக்கிற வெளிப்பெட்டியைக் கழற்றி, இரண்டு வயரைத் தொடவைத்தே திறந்துவிடக்கூடிய மலிவுச் செட்டுகளும் உண்டு.